தொடர்கொலைப் புலனாய்வுப் படம் எழுதுவது எப்படி: ஒரு நாட்காட்டித் தாளை வைத்து ஒரு பாடம்

தொடர்கொலைப் படம் எழுத உட்காருகிறவர்களில் பலர் கொலையாளியிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். அவனுக்கு ஒரு முகமூடி, விட்டுச்செல்ல ஒரு சின்னம், சிறுவயதில் பட்ட ஓர் அடி, பின்னணியில் ஒரு பழைய பாட்டு. முப்பது பக்கம் வேகமாக ஓடும். அப்புறம் கதை நின்றுவிடும். அவனை எவ்வளவு பெரிய மூளைக்காரனாக ஆக்குகிறோமோ அவ்வளவுக்குப் போலீஸ்காரர்களை மட்டிகளாக ஆக்க வேண்டிவரும். மட்டிகள் ஓடித் தேடுவதை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது.

வேறு முனையில் தொடங்குங்கள். புத்தியும் உழைப்பும் உள்ள ஓர் அதிகாரி கண்ணெதிரே இருந்ததை எதனால் தவறவிட்டார்? இந்தக் கேள்விக்கு நம்பும்படியான விடை ஒன்று கையில் வரும்வரை முதல் காட்சியை எழுத வேண்டாம். கொலையாளியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நிஜ வழக்குகள் இடறிய இடங்கள்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வட்டாரத்திலும் மான்செஸ்டரிலும் 1975 முதல் 1980 வரை 13 பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃப் பிடிபடுவதற்கு முன்பே, போலீஸ் அவனை ஒன்பது முறை விசாரித்திருந்தது. 1977இல் இறந்த ஒரு பெண்ணின் கைப்பையில் புத்தம்புது ஐந்து பவுண்டு நோட்டு ஒன்று இருந்தது. அது எந்தெந்த நிறுவனங்களின் சம்பளக் கட்டில் போயிருக்கலாம் என்று தேடி, அவன் வேலை பார்த்த இடம்வரை வந்து அவனிடமே பேசிவிட்டுப் போனார்கள். 1979இல் “நான்தான் அவன்” என்று வடகிழக்கு இங்கிலாந்தின் வியர்சைட் வட்டாரப் பேச்சில் ஓர் ஒலிநாடா வந்தது. அதை நம்பி, அந்தப் பேச்சு இல்லாதவர்களைப் பட்டியலிலிருந்து கழித்தார்கள். நாடாவை அனுப்பியவன் வேறொருவன்; வெறும் ஏமாற்று. அது வந்த பிறகு இன்னும் மூன்று பெண்கள் செத்தார்கள். சேர்த்த தகவலெல்லாம் காகித அட்டைகளில் குவிந்து கிடந்தது. ஓர் அட்டையில் இருந்த பெயர் இன்னோர் அட்டையில் இருந்ததோடு சேரவே இல்லை. கடைசியில் 1981 ஜனவரி 2 அன்று, ஷெஃபீல்டில், காரில் போலி எண்பலகை மாட்டியிருந்ததற்காக அகப்பட்டான்.

தென்கொரியாவின் ஹ்வாசாங் கொலைகளில் (1986 முதல் 1991 வரை) கொலையாளியின் ரத்தம் பி வகை என்று போலீஸ் நம்பியது. 2019இல் மரபணுச் சோதனை காட்டிக்கொடுத்த ஆளுக்கு ஓ வகை. இடையில், அந்த வரிசையின் ஒரு கொலைக்காகக் குற்றமற்ற ஒருவர் ஏறக்குறைய 20 ஆண்டு சிறையில் இருந்துவிட்டார்.

இந்த இரண்டிலும் போலீஸ் சும்மா இருக்கவில்லை. அளவுக்கு மீறி உழைத்தது. தவறான ஒரு வடிகட்டியை வைத்துக்கொண்டு உழைத்ததுதான் கோளாறு. உங்கள் கதைக்கும் அப்படி ஒரு வடிகட்டி வேண்டும். அதைப் பார்வையாளரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அவர்களும் கூடவே ஏமாந்தால்தான், அது உடையும்போது வயிற்றைப் பிசையும்.

சிங்கப்பூரில் எங்கே ஒளிவது?

இங்கே கதை எழுதுகிறவர் முதலில் மோதும் சுவர் கேமராதான். 2012இல் தொடங்கி 2016க்குள் சுமார் 10,000 வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்குகளிலும் பலமாடி வாகன நிறுத்துமிடங்களிலும் காவல்துறை கண்காணிப்புக் கேமராக்கள் வந்துவிட்டன. முக்காடு போட்ட ஓர் உருவம் புளோக்கின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கில் நள்ளிரவில் கத்தியோடு அலைவதாக எழுதினால் உள்ளூர்ப் பார்வையாளர் அந்த நொடியே கதையைவிட்டு இறங்கிவிடுவார். “கேமரா பழுது” என்று சமாளிப்பது அதைவிட மோசம். ஒரு முறைகூட அதைச் செய்யாதீர்கள்.

வழி இருக்கிறது. அந்தக் கேமராக்கள் பெரும்பாலும் தரைத்தள மின்தூக்கி வாசல், படிக்கட்டு, கார் நிறுத்துமிடம் இவற்றைத்தான் பார்த்தபடி இருக்கும். ஒன்பதாவது மாடியில் எந்த வீட்டுக் கதவு திறந்தது என்பது அவற்றுக்குத் தெரியாது. ஆகவே உங்கள் கொலையாளி கேமராவில் தெரியட்டும். தெளிவாகவே தெரியட்டும். அங்கே வந்துபோக அவனுக்கு நியாயமான வேலை இருக்கட்டும். நூறு பேர் ஏறி இறங்கும் மின்தூக்கியில் அவனும் ஒருவன். கருவிப்பையோடு வந்தான், போனான். பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதற்கும் எல்லை உண்டு. கொலை என்றே யாரும் நினைக்காத ஒரு சாவுக்கு எவரும் பதிவைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்தப் போவதில்லை.

கதையின் அச்சாணி இதுதான்: சிங்கப்பூரில் தொடர்கொலை நம்பும்படி நடக்க வேண்டுமென்றால், முதல் சில மரணங்கள் கொலையாகவே பதிவாகக் கூடாது.

இன்னொரு வழி, கொலையாளியை வெளியூர்க்காரனாக்குவது. அதற்கு நிஜ முன்மாதிரி உண்டு. ஜான் மார்ட்டின் ஸ்கிரிப்ஸ் என்ற பிரிட்டிஷ்காரன் 1995 மார்ச்சில் இங்கே ஹோட்டல் அறையில் ஒரு தென்னாப்பிரிக்கப் பயணியைக் கொன்றான். உடலின் பாகங்கள் கிளிஃபர்ட் படகுத்துறை அருகே மிதந்தன. அதற்குள் அவன் தாய்லாந்து போய்விட்டான். சாங்கி விமான நிலையம் வழியாகத் திரும்பி வந்தபோது பிடிபட்டான். 1996 ஏப்ரலில் தூக்கு. இந்த வழியில் கதை எல்லை தாண்டும், செலவும் தாண்டும். கையில் உள்ள பணம் சிறியது என்றால் ஓரறை வாடகை வீடுகளுக்குள்ளேயே இருப்பது நல்லது.

ஒரு மாதிரிக் கதை

இனி வரும் எல்லாவற்றுக்கும் இந்தக் கற்பனைக் கதையையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். தனியாக வாழும் முதியவர்கள் மூன்று பேர், சில மாத இடைவெளியில், குளியலறையில் விழுந்து இறந்து கிடக்கிறார்கள். ஒருவர் தோ பாயோ, ஒருவர் பிடோக், ஒருவர் கிளமெண்டி. மூன்றும் மூன்று போலீஸ் வட்டாரங்கள்: தங்ளின், பிடோக், கிளமெண்டி. வயதானவர்கள் வழுக்கி விழுவது ஊரில் நடப்பதுதான். இதுதான் நம் வடிகட்டி.

கொலையாளி குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்தித் தரும் ஆள். வழுக்காமல் இருக்க உதவுகிறவன். வீட்டை அளந்திருக்கிறான், சாவி எங்கே தொங்கும் என்று தெரியும், பாட்டி எப்போது படுப்பார் என்றும் தெரியும்.

அவன் விட்டுச்செல்லும் அடையாளம்: சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்துவிடுவான். தன் வீட்டில் இரவு படுக்கும் முன் செய்கிற பழக்கம். வேலை முடிந்தது, நாள் முடிந்தது. கொலைக்கு இது தேவையே இல்லை. செயல்முறை வேறு, அடையாளம் வேறு என்பதை எழுதுகிறவர் மறக்கக் கூடாது. செயல்முறை காரியத்தை முடிப்பதற்கு. அனுபவத்தில் மாறிக்கொண்டே போகும். அடையாளம் அவன் மனசுக்கு, லேசில் மாறாது. ரத்தத்தால் சுவரில் எழுதுவதெல்லாம் போலீஸைக் கூப்பிட்டு வழக்கைக் கையில் கொடுப்பது போல. பார்த்தாலும் கண்ணில் படாத ஒன்றாக இருந்தால்தான் விசாரணைக்கு வேலை.

முதலில் எழுத வேண்டியது கொலையாளியின் நாட்குறிப்பு

திரைக்கதை எழுதும் முன் ஒரு நோட்டில் நடந்தது நடந்தபடி எழுதுங்கள். படத்தில் வராதவற்றையும் சேர்த்து. ஒவ்வொரு மரணத்துக்கும் இரண்டு பக்கம் போதும்: எத்தனை மணிக்கு எந்த மின்தூக்கி, கையில் என்ன, எந்த அண்டைவீட்டாரைப் பார்த்தான், எதைத் தொட்டான், திரும்பும்போது எந்த பஸ், என்ன மழை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே இன்னொரு பத்தியில், அதன் சுவடு எங்கே தங்கியது, யார் எப்போது கண்டெடுக்கலாம் என்று குறியுங்கள். இந்த இரண்டாம் பத்தியிலிருந்துதான் படம் வரும். நோட்டில் இல்லாத தடயம் எதுவும் திரைக்கதையில் புதிதாக முளைக்கக் கூடாது. கடைசி இருபது நிமிடத்தில் திடீரென்று ஒரு புகைப்படம் அகப்படுகிற படங்கள் எல்லாம் இந்த வேலையைச் செய்யாமல் தப்பப் பார்த்தவை.

இறந்தவர்களுக்கும் ஒவ்வொரு பக்கம் ஒதுக்குங்கள். எண்ணாக மாறிவிட்ட பிணங்களுக்காக யாரும் பதைப்பதில்லை. மூன்றாவது பாட்டியையாவது உயிரோடு இரண்டு காட்சிகளில் காட்டுங்கள். கோப்பிக்கடையில் கோப்பியைத் தட்டில் ஊற்றி ஆற்றிக் குடிக்கட்டும். பேரனுக்குச் சில்லறையை எண்ணி உறையில் போடட்டும். ஒன்றரை நிமிடம் போதும். இந்த ஒன்றரை நிமிடத்தை வெட்டச் சொல்லும் தயாரிப்பாளரோடு சண்டை போட்டே ஆக வேண்டும்.

நேரம் சொல்லும் மருத்துவர்

“மரணம் இரவு ஒன்பதே காலுக்கும் ஒன்பதே முக்காலுக்கும் நடுவில் நடந்திருக்கிறது.” இப்படி ஒரு தடயவியல் மருத்துவர் சொன்னால் அந்தக் காட்சியைக் கிழித்துப் போடுங்கள். உடல் குளிர்வதை வைத்து நேரம் சொல்லும் கணக்கு குளிர்நாட்டில் ஓரளவு ஓடும். இங்கே உயிருள்ள உடம்பு 37 டிகிரி, குளிரூட்டி இல்லாத வீடு 30 டிகிரி. இறங்க வேண்டியதே ஏழு டிகிரிதான். வெப்பநிலைக் கோடு சீக்கிரமே படுத்துவிடும். உடல் விறைப்பு, பாடப்புத்தகப்படி, இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தொடங்கி, பன்னிரண்டு மணி வாக்கில் முழுமையாகி, ஒன்றரை நாளில் விலகும். நம் வெக்கையில் எல்லாமே முந்திக்கொள்ளும். இரண்டாம் நாள் கண்டெடுத்த உடலுக்கு நேர்மையான மருத்துவர் ஒரு நீண்ட இடைவெளியைத்தான் தருவார்: “செவ்வாய் இரவாகவும் இருக்கலாம், புதன் காலையாகவும் இருக்கலாம்.”

இந்தத் தெளிவின்மையைக் குறையாக நினைக்க வேண்டாம். கதைக்கு இது தங்கம். மூன்றாவது பாட்டி செவ்வாய் 14ஆம் தேதி இரவு இறந்தார். நாட்காட்டி 15 காட்டுகிறது. மருத்துவர் புதன் காலையையும் விட்டுவைத்திருப்பதால், அதிகாரி இயல்பாக என்ன நினைப்பார்? பாட்டி காலையில் எழுந்து தாளைக் கிழித்தார், குளிக்கப் போனார், விழுந்தார். முரண்பாடே இல்லை. தடயம் கண்ணெதிரே தொங்கியும் தவறிப்போனதற்கு ஒரு நேர்மையான காரணம் கிடைத்துவிட்டது. யாரும் மட்டி ஆகவில்லை.

அதை எது உடைக்கிறது? அண்டைவீட்டு அம்மாவின் ஒரு வாக்கியம்.

“ஆன்ட்டி, அவங்கள கடைசியா எப்ப பாத்தீங்க?”

“திங்கக்கெழம. மார்க்கெட் போறப்ப. அப்புறம் பேப்பர் ரெண்டு கேட்டுல அப்படியே சொருகி இருந்துச்சு. மழை வருதேன்னு நான்தான் எடுத்து ஷூ ரேக் மேல வச்சேன்.”

“ரெண்டா?”

“புதன், வியாழன். பிளாஸ்டிக் கூட பிரிக்கல.”

புதன் காலையில் எழுந்து நாட்காட்டித் தாளைக் கிழித்தவர் வாசலில் இருந்த புதன்கிழமைப் பேப்பரை எடுக்காமலா இருப்பார்? தாளைக் கிழித்தது அவரில்லை. இந்த உரையாடலில் “ரெண்டா?” என்ற சொல்லுக்கு மேல் அதிகாரி எதுவும் பேசக் கூடாது. விளக்கினால் செத்தது. கேமரா அவர் முகத்தில் மூன்று நொடி நின்று, பிறகு அந்த ஷூ ரேக்குக்குப் போகட்டும். பார்வையாளர் தானாகக் கணக்குப் போடும் அந்த நொடிகளுக்காகத்தான் டிக்கெட் வாங்கியிருக்கிறார்.

தடயத்தை விதைக்கும் அளவு

முக்கியத் தடயம் மூன்று முறை கண்ணில் பட வேண்டும். முதல் முறை ஓர் அகலமான காட்சியின் ஓரத்தில், இரண்டு நொடிக்குள், வேறொன்று நடந்துகொண்டிருக்கும்போது. தோ பாயோ வீட்டில் மகள் அழுகிறாள். அவள் தோளுக்குப் பின்னால் நாட்காட்டி. இரண்டாம் முறை கதைக்கு ஒரு பயனோடு. கொலையாளியையே சாதாரண ஆளாக அறிமுகப்படுத்தும் காட்சியில், ஏறக்குறைய 35ஆம் பக்கத்தில், அவன் படுக்கப்போகும் முன் தன் வீட்டு நாட்காட்டியில் தாளைக் கிழித்து மடித்துப் பையில் வைக்கிறான். மனைவி “காலையில கிழிச்சா என்ன?” என்று கேட்கட்டும், குடும்பப் பேச்சாகக் கடந்துபோகட்டும். மூன்றாம் முறை அதிகாரியோடு சேர்ந்து நாமும் பார்க்கிறோம்.

இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு: படத்தொகுப்பில் பயம் வந்து, முதல் முறையிலேயே நாட்காட்டிக்கு ஒரு நெருக்கக் காட்சி வைத்துவிடுவார்கள். நெருக்கக் காட்சி என்பது விரல் நீட்டிக் காட்டுவது. பத்தாம் நிமிடத்தில் விரல் நீட்டினால் நூறாம் நிமிடத்தில் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது. இன்னொரு கோளாறு கலை இயக்குநரிடமிருந்து வரும். படப்பிடிப்பு நாளில் நாட்காட்டித் தேதி தப்பாக இருக்கும். இந்தக் கதையில் அது படத்தையே கொன்றுவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே மாதிரி நாட்காட்டிகள் குறைந்தது ஆறு வாங்கி, காட்சி எண்ணைப் பின்னால் எழுதி, தொடர்ச்சியைப் பார்க்கிறவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மறுபடி எடுக்கும் ஒவ்வொரு டேக்கிலும் ஒரு தாள் கிழியும்.

சந்தேகத்துக்குரியவர்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். திசைதிருப்பும் ஒவ்வொருவரும் பொய் சொல்ல வேண்டும். அந்தப் பொய்க்குக் கொலையோடு தொடர்பில்லாத உண்மைக் காரணம் ஒன்று இருக்க வேண்டும். பணம் கொடுக்கல் வாங்கல் உள்ள மருமகன், வேலை அனுமதி முடிந்துபோன ஒருவர், சூதாட்டத்தை மறைக்கும் மகன். காரணமே இல்லாமல் இருட்டில் நின்று முறைக்கிற ஆள் படம் முடிந்த பிறகும் பார்வையாளரை எரிச்சலூட்டுவார்.

பக்கக் கணக்கு

110 பக்கத் திரைக்கதை ஏறக்குறைய 110 நிமிடம். எட்டாவது பக்கத்துக்குள் முதல் மரணம். 28ஆம் பக்கம் வாக்கில் இரண்டு மரணங்களும் ஒன்றுதானோ என்று யாரோ ஒருவர் வாயிலிருந்து வர வேண்டும். மற்றவர்கள் மறுக்க வேண்டும். 55இல் தவறான கைது. 70 வாக்கில் மூன்றாவது மரணம், அதாவது உள்ளே ஆள் இருக்கும்போதே வெளியே சாவு. 80இல் அந்த “ரெண்டா?”. திரையில் நேரடியாகக் காட்டும் கொலை ஒன்றே ஒன்று. அதிலும் பாதியில் கதவு மூடட்டும். மற்றதெல்லாம் பிந்தைய நிலை. வன்முறை கூடினால் தணிக்கையின் வயதுத் தரம் எம்18, ஆர்21 என்று ஏறி, பார்க்க வருகிறவர் எண்ணிக்கை குறையும். வசந்தம் தொலைக்காட்சிக்காக எழுதுகிறீர்கள் என்றால் பிஜி13க்குள் நிற்க வேண்டும். இந்தக் கதைக்கு அது தாராளமாகப் போதும்.

கொலையாளி யார் என்பதை எப்போது சொல்வது? எங்கள் தீர்ப்பு: 85க்கும் 90க்கும் நடுவில். மிச்சம் இருபது நிமிடம் “யார்” முடிந்து “எப்படி நிரூபிப்பது” என்று மாற வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்துக்கு முகத்தை ஒளித்து வைத்தால் திருப்பம் மட்டும்தான் கிடைக்கும். விசாரணை அறைக் காட்சி போய்விடும். இந்த வகைப் படத்தில் நடிகர்களுக்கு அதைவிட நல்ல காட்சி கிடையாது.

நடைமுறை தப்பாமல்

திடீர் மரணம் என்றால் முதலில் வருவது சீருடைக்காரர்கள், பிறகு வட்டார விசாரணை அதிகாரி. இயற்கைக்கு மாறான சாவு மரண விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்கப்படும். பிரேதப் பரிசோதனை அவுட்ரமில், சுகாதார அறிவியல் ஆணையத்தின் தடயவியல் மருத்துவர்கள் செய்வது. கொலை என்று ஆனதும் கெண்டோன்மெண்ட் வளாகத்தில் உள்ள குற்றப் புலனாய்வுத் துறையின் சிறப்புப் புலனாய்வுப் பிரிவு கையில் எடுக்கும். உங்கள் நாயகி அங்கே இருப்பவர் என்றால், முதல் இரண்டு மரணங்களின்போது அவர் படத்துக்குள்ளேயே வரக் கூடாது. அல்லது அவரை வட்டார அதிகாரியாக வைத்து, மேலே எடுத்துச்செல்லப் போராட விடுங்கள். இரண்டாவதில்தான் உரசல் அதிகம்.

கைது செய்த 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்ற சட்டம் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த கடிகாரம். விசாரணையின்போது சந்தேக நபர் பக்கத்தில் வழக்கறிஞர் உட்கார்ந்து குறுக்கிடுவது இங்கே வழக்கமில்லை; அமெரிக்கப் படத்திலிருந்து அதைத் தூக்கி வராதீர்கள். ஜூரியும் கிடையாது, 1969இல் நீக்கப்பட்டது. பன்னிரண்டு பேரைப் பார்த்து வழக்கறிஞர் உருகிப் பேசும் காட்சி எழுதினால் சிரிப்பார்கள். கொலை செய்யும் நோக்கத்தோடே செய்த கொலைக்குத் தண்டனை மரணம்தான். எனவே வாக்குமூல அறையில் ஒவ்வொரு சொல்லுக்கும் கனம் உண்டு. அந்தக் கனம் நடிப்பில் தெரிய வேண்டும். குரல் உயர்த்துவதிலோ மேசையைத் தட்டுவதிலோ வராது.

அந்த அறைக் காட்சியை எழுதும்போது, பத்திரிகைக்குச் சொல்லாமல் காத்துவைத்த ஒரு விவரம் அதிகாரி பையில் இருக்கட்டும். நம் கதையில் நாட்காட்டி. ஆனால் சிக்கல் ஒன்று உண்டு, அதைப் பார்வையாளர் நிச்சயம் கேட்பார்: அவன் அந்த வீட்டில் வேலை செய்தவன்தானே, கைரேகை இருந்தால் என்ன? பதில் தாளுக்குள் இருக்கிறது. 15ஆம் தேதித் தாளின் முகத்தில் அவன் ரேகை விழ வேண்டுமானால் அதற்கு மேலிருந்த 14 போயிருக்க வேண்டும். அவன் கம்பி பொருத்தியது போன மாதம். காகிதத்தில் ரேகை எடுக்க நின்ஹைட்ரின் தடவுவார்கள். வியர்வையில் உள்ள அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதா நிறத்தில் மெல்ல மெல்ல எழும். ஆய்வகத்தில் அந்த ஊதா ரேகை தோன்றுவதற்கு ஒரு முழு அரை நிமிடம் கொடுங்கள், இசை இல்லாமல்.

“தாள்களைத் தூக்கிப் பார்த்திருக்கலாமே” என்று எதிர்த்தரப்பு கேட்கும். கேட்கட்டும். அந்தக் கேள்வியை நீங்களே ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்துவிடுங்கள். அப்போதுதான் அவன் வீட்டுப் பையில் மடித்து வைத்திருக்கும் மூன்று தாள்களைத் தேடி அதிகாரி போக வேண்டிய கட்டாயம் வரும். முதல் இரண்டு வீடுகளின் நாட்காட்டிகள் குப்பைக்குப் போய்விட்டன, வாடகை வீடு திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டது, மிஞ்சியிருப்பது சம்பவ இடப் புகைப்படம் மட்டும். தவறவிட்டதன் விலை அங்கே தெரிகிறது.

சில நிஜக் கொலையாளிகள் தங்கள் பழக்கத்தாலேயே மாட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் கான்சாஸில் 1974 முதல் 1991 வரை பத்துப் பேரைக் கொன்ற டென்னிஸ் ரேடர் 2005இல் போலீஸுக்கு அனுப்பிய ஃபிளாப்பி வட்டில், அழித்த கோப்பின் சுவடாக ஒரு தேவாலயத்தின் பெயரும் “டென்னிஸ்” என்ற பெயரும் கிடந்தன. ஒரு கதாசிரியர் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் வாசகர்கள் நம்ப மாட்டார்கள். உங்கள் கொலையாளியின் பழக்கமும் அவ்வளவு சாதாரணமாக இருக்க வேண்டும்.

பேச்சும் சத்தமும்

சிங்கப்பூர் போலீஸ் அலுவலகத்தில் ஆறு பேரும் செந்தமிழில் பேசினால் படம் அங்கேயே பொய்யாகிவிடும். அதிகாரிகளுக்குள் ஆங்கிலம் ஓடட்டும், கீழே தமிழ் எழுத்து போடுங்கள். தமிழ் எங்கே வர வேண்டுமோ அங்கே வலுவான காரணத்தோடு வரட்டும்: இறந்தவரின் மகளிடம், அண்டைவீட்டாரிடம், கடைசியில் கொலையாளியிடம். ஆங்கிலத்தில் இரண்டு மணி நேரம் கல்லாக இருந்தவன், அதிகாரி “அண்ணே, சாப்டீங்களா?” என்று கேட்டதும் முதல் முறையாகத் தமிழில் பதில் சொல்கிறான் என்று வைத்துப் பாருங்கள். மொழியே திருப்புமுனை ஆகிவிடும்.

ஒவ்வொரு இடத்திலும் படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் வெறும் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். தாழ்வார மின்விசிறி, மின்தூக்கியின் மணி, தூரத்து எம்ஆர்டி ரயில், விடியலில் ஊரையே எழுப்பும் குயில். அந்தக் குயிலை முதல் மரணத்தின் காலையில் ஒரு முறை கேட்க வைத்தால், மூன்றாவது மரணத்தின்போது வெறும் கூவலே போதும், வயலின் தேவைப்படாது.

அனுமதிகளைச் சுருக்கமாக: வாய்ட் டெக், தாழ்வாரம் என்றால் நகர மன்றம். போலீஸ் சீருடை, போலித் துப்பாக்கி என்றால் காவல்துறையிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிணம் தூக்கும் காட்சி எடுக்கும் நாளுக்கு முன் மின்தூக்கி வாசலில் அறிவிப்பு ஒட்டுங்கள். இல்லையென்றால் யாராவது 999 அழைப்பார்கள், தப்பும் இல்லை. தாழ்வாரத்தில் இரவு எடுப்பது ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பக்கத்துக்கு மேல் நகராது. உள்ளே பகலில் நான்கைந்து பக்கம் முடிக்கலாம். கணக்கு அதற்கேற்பப் போடுங்கள்.

எழுதி முடித்த பிறகு

திரைக்கதையை ஐந்து பேரிடம் கொடுங்கள். இந்த வகைப் படம் நிறையப் பார்க்கிற ஒருவராவது அதில் இருக்கட்டும். 79ஆம் பக்கத்தோடு நிறுத்தச் சொல்லி, யார் என்று நினைக்கிறார்கள், எதனால் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஐந்து பேரும் சரியாகச் சொன்னால் இரண்டாம் விதை மிகவும் பளிச்சென்று இருக்கிறது. மனைவியின் கேள்வியை எடுத்துவிட்டு அந்தக் காட்சியில் வேறு ஏதாவது சண்டை வையுங்கள். ஒருவரும் சொல்லவில்லை என்றால் அவனை உயிரோடு போதிய அளவு காட்டவில்லை. இன்னும் ஒரு வீட்டில் கம்பி பொருத்தட்டும். ஒன்றிரண்டு பேர் சொல்லி மற்றவர்கள் மருமகனைச் சந்தேகப்பட்டால் அளவு சரி.

பிறகு மிச்சப் பக்கங்களையும் கொடுத்து, படித்து முடித்தவர்களிடம் திரைக்கதையை மூடிவைக்கச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தோ பாயோ வீட்டில் மகள் அழும் காட்சியில் நாட்காட்டி எங்கே இருந்தது? அவசரமாகப் பக்கத்தைத் திருப்பித் தேடுவார்கள். தேடிக் கண்டுபிடிக்கிற இடத்தில் அது இருக்க வேண்டும்.